கிரேத்தாவில் ஒரு கிழமை: மெதுவாக நடப்பவரோடு ஒரு பயணம்



சென்ற இலையுதிர்கால விடுமுறையில், அதாவது 42ஆம் கிழமையில், நாங்கள் ஐந்து பேர் கிரீட் தீவுக்குப் போய் வந்தோம். நாங்கள் இருவர், எட்டும் பதினொன்றும் வயதான பிள்ளைகள் இருவர், எழுபதைத் தாண்டிய மாமி. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பலரும் கேட்டார்கள்: எந்த விமான நிலையத்தில் இறங்குவது நல்லது? கார் எடுக்க வேண்டுமா, பஸ் போதுமா? வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அந்த நேரத்தில் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. லூத்ரோவில் நடந்ததை யாருக்கும் சொல்லவும் இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறோம்.

ஒரு போதகர் தொடங்கிய பழக்கம்

டென்மார்க்கில் சாதாரண வேலைக்காரரும் விவசாயியும் வருடத்துக்கு ஒருதரம் வெயில் தேடித் தெற்கே போவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர் ஒரு கிராமத்துப் போதகர் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் புதினமாக இருந்தது. எஸ்பியர்க் நகருக்குப் பக்கத்திலுள்ள ட்யேரபோர் கிராமத்தின் லுத்தரன் சபைப் போதகர் எய்லிஃப் குரோகாகர், 1950இல் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விடுமுறை பணக்காரருடைய காரியம். அவருடைய பஸ் அதைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. 1962இல் அவரே ஸ்டெர்லிங் என்ற விமான நிறுவனத்தையும் ஆரம்பித்தார். 1956இல் சைமன் ஸ்பீஸ் தொடங்கிய பயண நிறுவனமும் போட்டிக்கு நிற்க, மயோர்க்கா தீவு டேனிஷ்காரருக்கு அடுத்த ஊர்போல ஆகிவிட்டது. பில்லுண்ட் விமான நிலையமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். அது திறக்கப்பட்டது 1964இல்.

இன்று பில்லுண்டிலிருந்தும் கோப்பன்ஹேகனிலிருந்தும் மயோர்க்கா, ரோட்ஸ், சைப்ரஸ், கிரீட் என்று பல தீவுகளுக்கு விமானம் போகிறது. நம்முடைய வேதாகமத்தில் ரோட்ஸ் ரோது என்றும், சைப்ரஸ் சீப்புரு என்றும், கிரீட் கிரேத்தா என்றும், மால்ட்டா மெலித்தா என்றும் இருக்கின்றன. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஊர்ப் பெயர்கள் விமான நிலையத்துப் பலகையில் வரிசையாக ஓடுவதைப் பார்க்க மாமிக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டிலிருந்து புறப்படுமுன்

முதலாவது, பெயர். நம்முடைய பெயர்கள் நீளம். அப்பாவின் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்பதும் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதம். மாமியின் விமானச்சீட்டில் பாதிப் பெயரை நாங்களே பதிந்துவிட்டோம். இரண்டு கிழமைக்கு முன்னமே கவனித்ததால் திருத்த முடிந்தது. கடவுச்சீட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கிரேக்க நாடு ஷெங்கன் எல்லைக்குள் இருந்தாலும் கடவுச்சீட்டு கட்டாயம் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் அதற்கு ஈடாகாது. டேனிஷ் குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டோடு வதிவிட அட்டையையும் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, நீல நிற ஐரோப்பியச் சுகாதார அட்டை. 2014 ஆகஸ்டுக்குப் பிறகு நம்முடைய மஞ்சள் அட்டை ஐரோப்பிய விடுமுறைப் பயணங்களுக்குச் செல்லாது. நீல அட்டையை இலவசமாக எடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் நோயாளியை டென்மார்க்குக்குக் கொண்டுவரும் செலவைத் தராது. ஆகையால் வயதானவரோடு போகிறவர்கள் பயணக் காப்புறுதியும் எடுப்பது நல்லது. பழைய வருத்தங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருந்து. மாமிக்கு நீரிழிவு, இரவில் இன்சுலின் போடுகிறவர். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பக்கூடாது. பெட்டி தொலையலாம், குளிரில் மருந்து உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில்தான் வரவேண்டும். 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு இல்லை. மருந்துச்சீட்டைக் கூடவே வைத்திருந்தால் வாக்குவாதம் வராது.

நான்காவது, சக்கர நாற்காலி. மாமியால் நடக்க முடியும், ஆனால் முழங்கால் வலி. நீண்ட வரிசையில் நிற்க முடியாது. 2006இல் வந்த ஓர் ஐரோப்பியச் சட்டத்தின்படி, நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு விமான நிலையத்தில் இலவச உதவி கிடைக்கும். புறப்பட 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது பயண நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னவுடன் மாமிக்குக் கோபம் வந்தது.

“நான் என்ன நோயாளியே? சபையார் ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?”

பஸ்ஸில் வயதானவருக்கு இடம் விடுவதைப்போலத்தான் இதுவும் என்று பிள்ளைகள் சொல்லித்தான் சம்மதித்தார். பில்லுண்டில் ஓர் இளைஞர் அவரைக் கதிரையில் இருத்தி விமான வாசல் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே தீவில் இறங்கும்போது படிக்கட்டுக்குப் பதிலாகத் தூக்கி இறக்கும் வண்டி விமானத்தின் கதவுக்கே வந்தது. அதற்குப் பிறகு மாமி கோபப்படவில்லை.

எந்த விமான நிலையம்?

கிரீட் சின்னத் தீவு என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் நீளம். நடுவில் மலைத்தொடர்; மேற்கிலுள்ள வெள்ளை மலைகளில் ஒரு சிகரம் 2,400 மீற்றரையும் தாண்டும். பெரிய விமான நிலையங்கள் இரண்டு. நடுவில் ஹெராக்லியோன், மேற்கில் ஹானியா. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 140 கிலோமீற்றர். மலிவான சீட்டு என்று ஹெராக்லியோனுக்கு எடுத்துவிட்டு மேற்குக் கரையில் ஹோட்டல் பிடித்தால், நடு இரவில் தூங்கும் பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டி வரும். முதலில் தங்கும் இடத்தைத் தீர்மானியுங்கள், பிறகு விமான நிலையத்தைத் தேடுங்கள்.

நாங்கள் ஹானியாவில் இறங்கினோம். விமான நிலையம் நகருக்குக் கிழக்கே அக்ரோத்திரி என்ற குடாவில் இருக்கிறது. நகரின் பஸ் நிலையத்துக்கு அங்கிருந்து பஸ் ஓடுகிறது. நாங்கள் தங்கியது நகருக்கு மேற்கே பிளத்தானியாஸ் என்ற கடற்கரை ஊரில். மாமிக்காக அன்று மட்டும் டாக்ஸி எடுத்தோம்.

பஸ்ஸா, காரா?

வடக்குக் கரையில் பஸ் மிகவும் வசதி. க்டெல் என்று அழைக்கப்படும் பஸ் சேவைகள் ஹானியா, ரெத்திம்னோ, ஹெராக்லியோன் நகரங்களை நாள் முழுவதும் இணைக்கின்றன. கரையோரச் சிற்றூர்களுக்கும் பஸ் உண்டு. ஹானியாவின் பழைய துறைமுகத்தைப் பார்க்க இரண்டு நாள் பஸ்ஸில்தான் போனோம். கார் நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லை. ஆனால் பஸ்ஸின் படி உயரம். முழங்கால் வலிக்காரருக்கு ஏற ஒரு கை கொடுக்க வேண்டும்.

தெற்குக் கரைக்கும் மலை ஊர்களுக்கும் பஸ் குறைவு. அதற்காக இரண்டு நாள் கார் எடுத்தோம். வாடகைக் காருக்குக் கடனட்டை ஓட்டுகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். டயரும் காரின் அடிப்பாகமும் காப்புறுதியில் சேருமா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளின் இருக்கையை முன்பே பதிவு செய்யுங்கள். வடக்கு நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர் வலது ஓரத்துக்கு ஒதுங்கிப் பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவது அங்கே வழக்கம். டென்மார்க்கில் பழகிய எங்களுக்கு முதல்நாள் நெஞ்சு படபடத்தது. மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு ஆடுகள் நிற்கும். இருட்டுமுன் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவது நல்லது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இனி வெட்கப்படுகிற பகுதி.

பேனிக்ஸ் துறைமுகத்துக்கு

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை நாம் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம்! பவுலை ஏற்றிய கப்பல் கிரேத்தாவின் தெற்குக் கரையில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் ஒதுங்குகிறது. அந்த இடம் இன்றும் கிரேக்க மொழியில் அதே பொருளில் காலி லிமேனெஸ் என்றே அழைக்கப்படுகிறது. உபவாச நாளும் கடந்துபோய்விட்டது, இனிக் கடற்பயணம் ஆபத்து என்று பவுல் எச்சரிக்கிறார். ஆனால் அந்தத் துறைமுகம் மாரிகாலத்தைக் கழிக்க வசதியில்லை. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் பேனிக்ஸ் என்ற நல்ல துறைமுகம் இருக்கிறது. தூரம் அதிகமில்லை. நூற்றுக்கு அதிபதி கைதியின் சொல்லைக் கேட்கவில்லை. மாலுமியையும் கப்பல் சொந்தக்காரரையும் நம்பினான். தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசியது, எல்லாம் சரி என்று புறப்பட்டார்கள். யூரோக்கிலிதோன் வந்தது. பேனிக்ஸைக் காணவே இல்லை. 276 பேரும் பதினான்கு இரவு அலைக்கழிந்து, மெலித்தாவில் நீந்தியும் உடைந்த பலகைகளைப் பிடித்தும் கரையேறினார்கள்.

அந்தப் பேனிக்ஸ் இன்றைய லூத்ரோ என்ற சிற்றூரின் பக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லூத்ரோவுக்குக் கார்ப்பாதை இல்லை. ஸ்ஃபாக்கியா என்ற ஊர்வரைக்கும் மலையைக் கடந்து கார் அல்லது பஸ். அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குள் படகு. நடந்து போவதென்றால் கடலோரப் பாறைச்சரிவில் ஒற்றையடிப் பாதை. பவுல் போய்ச் சேராத துறைமுகத்தை நாங்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

காலையில் ஸ்ஃபாக்கியா படகுத்துறையில் நிற்கும்போது மாமி கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பருத்தித்துறைக் கரையில் பிறந்து வளர்ந்தவர். வாடையும் சோழகமும் கச்சானும் அவருக்குச் சொந்தக்காரர்போல.

“காத்து மாறுது தம்பி. இண்டைக்கு வேண்டாம். இஞ்சையே இருந்து சாப்பிட்டிட்டுப் போவம்.”

எங்கள் தொலைபேசியில் வெயில் படம் இருந்தது. படகுச்சீட்டு விற்றவரும் காலைப் படகு போகிறது என்றார். கடல் அமைதியாகத்தான் தெரிந்தது. “ஒண்டும் இல்லை அம்மா, பின்னேரம் வந்திடலாம்” என்று சொல்லி அவரைக் கைப்பிடித்து ஏற்றினோம்.

லூத்ரோ அழகான இடம். வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், வீட்டு வாசலிலேயே கடல். பிள்ளைகள் நீந்தினார்கள். மதியத்துக்குப் பிறகு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியது. மூன்று மணிக்கு உணவகத்துக்காரர் வந்து சொன்னார்: பின்னேரப் படகு இல்லை, காற்றுத் தணிந்தால் நாளை காலை வரும்.

மாமியின் இன்சுலின் பிளத்தானியாஸ் ஹோட்டலின் குளிர்ப்பெட்டியில் இருந்தது. ஒருநாள் பயணம்தானே, இரவுக்குத் திரும்பிவிடுவோம், மருந்து ஏன் வெயிலில் காயவேண்டும் என்று விட்டுவந்தோம். வைத்தியசாலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தைக் கைவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிற தாதி வீட்டில் இருந்தும் இப்படி.

முதலில் எங்களுக்கு வந்த யோசனை, எங்களில் ஒருவர் அந்தப் பாறைப் பாதையால் நடந்து, காரை எடுத்து, மலையைக் கடந்து மருந்தைக் கொண்டுவருவது. இருட்டச் சில மணித்தியாலமே இருந்தது. திரும்பி வருவது முழு இருட்டில்தான். மாமி ஒரே சொல்லில் மறித்துவிட்டார்: “வேண்டாம். காலையிலையும் சொன்னனான்.”

இந்தத் தரம் கேட்டோம்.

காப்புறுதியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து வைத்தியரோடு பேசினோம். மாமிக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு, குளிசையும் எடுக்கிறார், சீனி அளக்கும் கருவி கைப்பையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னோம். இரவில் சில மணித்தியாலத்துக்கு ஒருதரம் அளக்கவும், நிறையத் தண்ணீர் கொடுக்கவும், மாச்சத்துக் குறைந்த உணவு கொடுக்கவும், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே 112ஐ அழைக்கவும் சொன்னார். முதலாம் வகை நீரிழிவுள்ளவர் என்றால் ஓர் இரவு இன்சுலின் இல்லாமல் இருப்பது மிகவும் ஆபத்து. அந்த வகையில் எங்களுக்குக் கிருபை கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

காத்திருக்கத் தெரிந்தவர்

இரண்டு அறை கிடைத்தது. மாமியின் விரலில் குத்தி அளப்பதற்காக விழித்திருந்தோம். காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது. மூத்த பிள்ளைக்கும் தூக்கம் வரவில்லை. “அப்பம்மா, உங்களுக்குப் பயமில்லையா?” என்று கேட்டது. அப்போது மாமி சொன்னதை நாங்களும் முழுமையாகக் கேட்டது அன்றுதான்.

மாமா 1985இல் டென்மார்க்குக்கு வந்தார். கைக்குழந்தையோடு மாமி ஊரில் இருந்தார். குடும்பத்தோடு சேர விண்ணப்பித்தார்கள். பதில் வரவில்லை. மாதத்துக்கு ஒருதரம் கடிதம், குண்டுச்சத்தம், மறுபடியும் கடிதம். தங்கள் பத்திரத்தில்தான் ஏதோ பிழை என்று மாமி நெடுநாள் நினைத்திருந்தாராம். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்பச் சேர்க்கை விண்ணப்பங்களை நிறுத்திவைக்கச் செய்தார் என்பது பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அந்தத் தமிழர் வழக்கின் விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் நின்-ஹன்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை தீர்க்கப்பட்டது. வாலிபரே, இது உங்கள் பாட்டா பாட்டிமாருடைய கதை. டென்மார்க்கின் சரித்திரத்திலும் இருக்கிறது.

மாமி 1989இல் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்ற மாமாவைப் பார்த்ததும் கால் நகரவில்லையாம். அதற்குப் பிறகு எந்த விமான நிலையத்துக்குப் போனாலும், வரிசையில் நின்று பத்திரத்தை நீட்டும்போது கை நடுங்குமாம். சக்கர நாற்காலியை அவர் வேண்டாம் என்றதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. வரிசையை விட்டு யாரோ தள்ளிக்கொண்டு தனியே கொண்டுபோவது அவருக்குப் பயம்.

“அந்த நாளிலை எத்தினை மாதம் காத்திருந்தனான். இது ஒரு இரவு. நீங்கள் எல்லாரும் பக்கத்திலை இருக்கிறியள்” என்றார் பேரப்பிள்ளைக்கு.

விடியற்காலையில் சீனி 15ஐத் தாண்டி நின்றது. மயக்கமில்லை, வாந்தியில்லை. எட்டு மணிக்குக் காற்று விழுந்தது. படகு வந்தது. மதியத்துக்குள் ஹோட்டலுக்குப் போய், வைத்தியரை மறுபடியும் கேட்டு, அவர் சொன்னபடி மருந்தைக் கொடுத்தோம். மறுநாள் எங்கும் போகவில்லை. கடற்கரையில் இருந்து ஸ்தோத்திரம் பண்ணினோம்.

நாங்கள் கற்றுக்கொண்டது

தீவில் ஒருநாள் பயணம் என்று ஒன்று இல்லை. படகு ஏறினால் இரண்டு நாளுக்கான மருந்தும் கைப்பையில் ஏற வேண்டும். இன்சுலினை வெயிலில் காக்கச் சின்னக் குளிர்ப்பை போதும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பதோடு, அது வராவிட்டால் என்ன செய்வோம் என்றும் கேட்டு வையுங்கள். சமாரியா மலைப்பிளவில் 16 கிலோமீற்றர் நடக்க ஆசைப்படுகிற வாலிபருக்கும் இது பொருந்தும். கீழே இறங்கினால் வெளியே வரப் படகுதான்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. ஏசா தன்னோடு வரச்சொன்னபோது, பிள்ளைகளும் குட்டியோடிருக்கிற ஆடுமாடுகளும் நடக்கக்கூடிய வேகத்தில் மெதுவாக வருகிறேன் என்று யாக்கோபு சொன்னதை ஆதியாகமம் 33இல் வாசிக்கிறோம். நாங்கள் மாமிக்காகச் சக்கர நாற்காலி பதிந்தோம், டாக்ஸி எடுத்தோம், அவரை நன்றாகக் கவனிக்கிறோம் என்று நினைத்தோம். ஆனால் அவர் வாய் திறந்து ஒரு காரியம் சொன்னபோது கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போனோம், கூட்டத்தில் ஒருவராக எண்ணவில்லை. பவுலின் கப்பலிலும் அதுதான் நடந்தது.

இப்போது வீடுகளில் பயணச்சீட்டு எடுப்பது பெரும்பாலும் வாலிபராகிய நீங்கள்தான். அப்பா அம்மாவுக்குத் தொலைபேசியில் பொத்தானை அமர்த்திக் கொடுப்பவரும் நீங்களே. அடுத்த கோடைக்குத் தேடும்போது விலையைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்களோடு வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யார்? அவரை மேசையில் கூட இருத்தி, தீவையும் விமான நிலையத்தையும் ஹோட்டலையும் அவரோடு சேர்ந்து தெரிவு செய்யுங்கள். அப்பம்மாவையோ அம்மம்மாவையோ வீட்டில் விட்டுப் போவதுதான் சுலபம் என்று தோன்றும். தயவுசெய்து விட்டுப் போகாதீர்கள். அவர்களிடம் இருக்கிற கதைகளைக் கேட்க ஒரு காற்று இரவு எங்களுக்குத் தேவைப்பட்டது. உங்களுக்கு அது இல்லாமலே கிடைக்கட்டும்.

திரும்பி வரும்போது ஹானியாவில் சக்கர நாற்காலியோடு ஒரு பெண் வந்து நின்றார். எங்கள் சின்னப்பிள்ளை அப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தது. கடவுச்சீட்டை நீட்டும்போது மாமியின் கை நடுங்கியதா என்று பார்த்தோம். பிள்ளையின் கை அதை மூடியிருந்ததால் தெரியவில்லை.

பில்லுண்டில் மழை. காரில் ஏறினதும் மாமி கேட்டார்: “அடுத்தது மெலித்தாவோ?”